பாதி பாதி

என் அண்ணனுக்கு டேப்பு என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. லாரிகள் நிற்கும் இடத்தில் போய் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். டேப்பு என்றால் நாலு பேர் கை நீட்டுவார்கள். வீடு மாற்றித் தருவது அவன் தொழில். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், அளக்கும் டேப்பைத் தொடாமலே, பீரோவை ஒரு பார்வை, வாசலை ஒரு பார்வை பார்ப்பான். "நேரா போகாது. சாய்ச்சு, கால் பக்கம் முன்னாடி விட்டாப் போகும்" என்பான். போய்விடும். ஒரே ஒரு முறை தப்பியது. என் கல்யாணத்துக்கு அவன் வாங்கித் தந்த கட்டில் எங்கள் வீட்டு வாசலில் நுழையவே இல்லை. காலை அறுத்துத்தான் உள்ளே விட்டோம். "தங்கச்சி வீடுன்னதும் வாசல் கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சுடுச்சு" என்று சமாளித்தான். என் வீட்டுக்காரர் அந்தக் குட்டைக் கட்டிலில் உட்காரும்போதெல்லாம் அவனைக் கிண்டல் செய்வார்.

அவனுடைய கூட்டாளி சுண்டு. சுண்டுவிரல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். நெட்டையும் குட்டையுமாக இருவரும் தெருவில் நடந்து வந்தால் பார்க்கவே சிரிப்பு வரும். ஆனால் மாடிப்படியில் சாமான் இறக்க அப்படி ஒரு ஜோடிதான் வேண்டுமாம். நெட்டை கீழே, குட்டை மேலே. அப்போதுதான் சாமான் சரிவாகப் போகாது. படி திரும்பும் இடத்தில் அண்ணன் நிற்பான். மேலே இருப்பவன் முகம் அவனுக்குத் தெரியாது, நடுவில் பீரோ. "எப்படி?" என்று கேட்பான். பளு இருவர் கையிலும் சமமாக இருந்தால் சுண்டு "பாதி பாதி" என்பான். அந்தப் பதில் வராமல் அண்ணன் அடுத்த படியில் கால் வைக்க மாட்டான். இல்லையென்றால் சாமானை இறக்கி, கை மாற்றிப் பிடித்து, மறுபடி கேட்பான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதைச் சாமானின் சொந்தக்காரர்களிடம் கேட்பான். "உள்ளே ஒண்ணும் இல்லையே?" விபத்து நடந்த அன்றைக்கும் கேட்டான். இல்லை என்றார்கள். உண்மையில் பீரோவின் மேல்தட்டில் பழைய பத்திரிகைக் கட்டுகள் இருந்தன. வேண்டுமென்று மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வைத்ததை மறந்திருப்பார்கள். படித் திருப்பத்தில் அண்ணன் "எப்படி?" என்று கேட்டான். சுண்டு "பாதி பாதி" என்றான். அந்த நிமிடம் அது பாதி பாதியாகத்தான் இருந்தது. அண்ணன் அடுத்த படியில் கால் வைத்ததும் உள்ளே கட்டுகள் சரிந்து கீழ்ப்பக்கம் வந்தன. பீரோ சுண்டுவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அண்ணன் மேல் விழுந்தது.

முதுகெலும்பு உடைந்து, தண்டுவடம் நசுங்கிவிட்டது. கம்பியும் ஆணியும் வைத்து எலும்பை நிமிர்த்தினார்கள். தொப்புளுக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இல்லை. கிள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். அண்ணிக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

அண்ணன் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன், மூக்குக் கண்ணாடி. கடைக்குப் பின்புறத் தெருவில் ஒரு தரைத்தள வீடு காலியாக இருந்தது. வாசலில் படியே இல்லை. சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். குளியலறைக் கதவு அகலம். அண்ணியிடம் சொன்னேன்.

"அதெல்லாம் வேணாம்மா. இந்த வீட்லேர்ந்து அவரு நடந்துதான் எறங்கிப் போனாரு. நடந்துதான் வெளிய வரணும்."

"அண்ணி, நடக்குறப்ப நடக்கட்டும். அதுவரைக்கும் வெயில் முகத்துலயாவது முழிக்க வேணாமா?"

"நீ வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டை மாற்றினால் கால் போனதை ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும் என்று அவள் பயந்தாள். சுண்டுவும் அவள் கட்சி. அண்ணன் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஊரெல்லாம் வீடு மாற்றித் தந்தவன் தன் வீட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, பீரோவுக்குக் கட்டும் அதே பட்டையால் கட்டி, லாரி டிரைவர் மேல்பக்கமும் சுண்டு கீழ்ப்பக்கமுமாகப் பிடித்து இறக்குவார்கள். மாடியில் இருப்பவர்கள் எல்லாம் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வான். மற்ற நாட்களில் கட்டில்தான். அதிலிருந்து ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும்.

ஸ்டெம் செல் என்ற வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் சுண்டுதான். போனில் ஒரு படம் காட்டினான். யாரோ ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கையசைக்கிறார். எங்கேயோ ஒரு கிளினிக், கேட்ட காசைக் கொடுத்தால் ஊசி போடுவார்கள். "குருத்தணுவாம். உடம்புல எங்க போட்டாலும் அந்த இடத்துக்குத் தகுந்த மாதிரி வளருமாம். தண்டுவடமும் முளைக்குமாம்" என்றான். கீரை விதையா முளைப்பதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்தப் படத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், உடற்பயிற்சிக்கு அவனைப் பார்க்கும் லேடி டாக்டரிடம் நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி இடத்துக்குப் போகாதீங்க. பலன் இருக்குன்னு இன்னும் யாரும் நிரூபிக்கல. ஆனா இங்கயே ஒரு ஆராய்ச்சி நடக்குது. அதுல சேர விருப்பமான்னு கேளுங்க. காசு எதுவும் கட்ட வேணாம்" என்றார்.

பிறகு அண்ணனுக்கு நேரில் விளக்கினார். இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்லைப் பிரித்து ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, முதுகில் ஊசி வழியாகத் தண்டுவடத்தைச் சுற்றி இருக்கும் நீரில் விடுவார்கள். ஆனால் செல் எல்லோருக்கும் கிடைக்காது. எல்லோருக்கும் இடுப்பில் குத்துவார்கள், எல்லோருக்கும் முதுகில் ஊசி போடுவார்கள். சிலருக்கு அதில் செல் இருக்கும், மற்றவர்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஆராய்ச்சி முடியும்வரை சொல்ல மாட்டார்கள்.

"உங்களுக்காவது தெரியுமா?" என்று அண்ணன் கேட்டான்.

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சா நான் பரிசோதிக்கிறப்ப என் கண்ணு ஒரு பக்கம் சாயும்."

அண்ணன் நெடுநாள் கழித்துச் சிரித்தான். "தூக்குறவனுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. எங்க தொழில் மாதிரியே இருக்கு" என்றான். சுண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பலன் இருக்குன்னு தெரிஞ்சா, தண்ணி போட்டவங்களைக் கூப்பிட்டு அவங்களுக்கும் செல் போடுவோம்" என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் சேரச் சம்மதித்தான். ஊசி போட்ட பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. ஊசி போட்ட அன்று அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. செல் வேலை செய்கிறது, அதுதான் சூடு என்றாள் அண்ணி. கால் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. அடிபட்ட நாளிலிருந்து அப்படித்தான் இழுக்கிறது, ஆனால் இது வேறு மாதிரி இழுப்பு என்றான் சுண்டு. நான் தினமும் கடையில் பார்க்கிறேன். சுவரில் மாட்டிய எழுத்து தெரியாதவர்கள் தெரிந்த மாதிரியே படிப்பார்கள். கண் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக ஊகித்துச் சொல்வார்கள். அண்ணியும் சுண்டுவும் அவன் காலை அப்படித்தான் படித்தார்கள்.

அண்ணன் மட்டும் ஊகிக்கவில்லை. டாக்டர் அவன் கண்ணை மூடச் சொல்லி, விரலிலிருந்து தொடைவரை ஊசி முனையாலும் பஞ்சாலும் தொட்டுத் தொட்டுக் கேட்பார். "இங்க?" "இல்ல." "இங்க?" "இல்ல." ஒவ்வொரு முறையும் அதே குரலில் சொன்னான். அண்ணி அவனுக்குப் பின்னால் நின்று, ஆமாம் என்று சொல்லேன் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

அப்புறம்தான் அந்த மாடிப்படிச் சம்பவம். பரிசோதனை முடிந்து அவனை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுண்டு திடீரென்று நாற்காலியைக் கீழே வைக்கச் சொன்னான். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணே, லேசா இருக்க."

"என்னடா?"

"போன தடவைக்கு இந்தத் தடவை லேசா இருக்க. எத்தனை வருஷம் உன்கூடத் தூக்கியிருக்கேன்? எதிர்ப்பக்கத்து ஆளு பளு வாங்குனா என் கையில தெரியாதா? நீ தூக்குற அண்ணே! உன் கால நீயே தூக்குற. பாதி பாதி அண்ணே, பாதி பாதி!"

அழுதுகொண்டே அண்ணனின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். அண்ணி மேலேயிருந்து ஓடி வந்தாள். லாரி டிரைவர் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிச் சொன்னான். அன்று மாடியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள். எனக்குக்கூட ஒரு நிமிடம் ஆசை வந்துவிட்டது. இந்தத் தொழிலில் கை பொய் சொல்லாது என்று அவர்கள் சொல்லிச் சொல்லி நானும் நம்பியிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு அண்ணனுக்கு வேட்டி மாற்ற உதவினேன். அவன் தன் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலையும் பீரோவையும் மாறி மாறிப் பார்க்கும் அதே பார்வை.

"கரைஞ்சுக்கிட்டே வருது" என்றான். "அதான் லேசு."

வேட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"தினமும் பாக்குறேனே. எனக்குத் தெரியாதா அளவு?"

"அப்ப அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? பைத்தியக்காரன் மாதிரி ஊரக் கூட்டிக்கிட்டு இருந்தான்."

"அன்னிக்குப் பாதி பாதின்னு சொன்னதுலேர்ந்து அவன் ஒழுங்காச் சோறு தின்னல. இன்னிக்கு ஒரு நாளாவது நிம்மதியா இருக்கட்டும்."

நான் கொடியிலிருந்து துணியை எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவன் தாழ்ந்த குரலில், "எனக்குத் தண்ணிதான் போட்டிருக்கணும்" என்றான்.

"எதுக்கு அப்படிச் சொல்ற?"

"ஒண்ணும் நடக்கலைல்ல? தண்ணின்னா மருந்து இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம். கூப்பிட்டுப் போடுவோம்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல?"

அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் "இல்ல, இல்ல" என்று அவன் சொன்னது நம்பிக்கை இல்லாமல் அல்ல. அவனுடைய நம்பிக்கையை நாங்கள் யாரும் தேடாத இடத்தில் வைத்திருந்தான். அண்ணியும் சுண்டுவும் அவனுக்குச் செல் கிடைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் கிடைத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தான். கோயில் பக்கமே போகாத நானும் அன்றிலிருந்து அந்த உப்புத் தண்ணீருக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். கடையில் கண்ணாடி துடைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, தண்ணியாக இருக்கட்டும், தண்ணியாக இருக்கட்டும் என்றே மனசு ஓடியது.

ஆராய்ச்சி முடிந்து எங்களைக் கூப்பிட்டார்கள். சுவரில் முதுகெலும்புப் படம் மாட்டிய சின்ன அறை. டாக்டர், அண்ணன், அண்ணி, சுண்டு, நான். உட்கார நாற்காலி போதவில்லை. தன்னுடையதைத் தானே கொண்டுவந்திருப்பதாக அண்ணன் ஜோக்கடித்தான். டாக்டர் சிரிக்க முயன்றார்.

"உங்களுக்கு எது போட்டோம்னு இன்னிக்குச் சொல்லலாம்" என்றார். அண்ணன் நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்குச் செல்தான் போட்டோம்."

அண்ணியின் முகம் அப்படியே மலர்ந்தது. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று அவன் தோளைக் குலுக்கினாள். சுண்டு கையெடுத்துக் கும்பிட்டான். "அப்ப இனிமே மெதுவா வேலை செய்யும் இல்லீங்களா டாக்டர்?" என்று அண்ணி கேட்டாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. விழுந்த அன்றுகூட அவன் அப்படி இல்லை. அவனிடம் பாக்கியிருந்த ஒரே மருந்து ஏற்கெனவே அவன் உடம்புக்குள் போய், ஒன்றும் செய்யாமல் முடிந்துபோயிருந்தது. அந்த அறையில் டாக்டரைத் தவிர அது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அண்ணி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். செல் போட்டவர்களுக்கும் தண்ணீர் போட்டவர்களுக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வேறு இடங்களில் வேறு விதமாகச் செய்து பார்க்கிறார்கள், என்றாவது வழி பிறக்கலாம். ஆனால் இதில் இனி எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. அண்ணிக்கு இந்த முறை காதில் ஏறியது. கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுண்டு அப்படியே நின்றான்.

"அப்ப அன்னிக்கு லேசா இருந்துச்சே" என்றான்.

"தசை கரையுறப்ப எடை குறையும்" என்றார் டாக்டர்.

சுண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அண்ணன் அவனைப் பார்க்காமல் டாக்டரிடம், "இதுனால உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

"இந்த வழியில போக முடியாதுன்னு தெரிஞ்சுது. அது எங்களுக்குப் பெரிய விஷயம். உங்களுக்கு அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கு."

"பரவால்லீங்க. நுழையாத வாசல்னு தெரிஞ்சா நாங்களும் திரும்பிடுவோம்" என்றான் அண்ணன்.

வேனில் திரும்பினோம். வீட்டுத் தெரு திரும்பும்போது அவன் என்னிடம், "உன் கடைக்குப் பின்னாடி அந்தக் கீழ் வீடு இன்னும் காலியாத்தான் இருக்கா?" என்று கேட்டான். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் நான் இத்தனை நாள் எல்லோரிடமும் சண்டை போட்டிருந்தேன். அது வந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இருந்தா பேசி முடிச்சிடும்மா" என்றாள்.

வீடு மாற்றிய அன்று காலையிலேயே அண்ணன் ஷேவ் செய்துகொண்டு தயாராக இருந்தான். கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அதட்ட ஆரம்பித்தான். அலமாரிக்குப் பழைய போர்வை சுற்று, கண்ணாடியைப் படுக்க வைக்காதே, மேஜை சாய்ந்துதான் போகும். லாரி டிரைவரிடம், "உன் கல்யாணச் சாமானாடா இது, இப்படித் தடவித் தடவித் தூக்குற?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பழைய டேப்பு திரும்பி வந்த மாதிரி இருந்தது. பீரோவுக்கு ஆள் வந்தபோது மட்டும் குரல் தாழ்ந்தது.

"உள்ளே ஒண்ணும் இல்லையே?" என்று அண்ணியைக் கேட்டான்.

அண்ணி பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, ஒவ்வொரு இழுப்பறையாக வெளியே இழுத்துக் காட்டினாள். அவன் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் மூடினாள்.

கட்டில் கடைசியில் ஏறியது. கடைசியில் ஏறுவதுதான் புது வீட்டில் முதலில் இறங்கும், போனதும் படுக்க இடம் வேண்டும் என்பது அவர்கள் தொழில் கணக்கு. லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் இறங்க முடியாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். மேலே வெறும் வீட்டில் நாங்கள் நாலு பேர் மிஞ்சினோம்.

"நாற்காலிய ஒரு பக்கம் யார் பிடிக்கிறது?" என்றேன்.

"நாற்காலி வேணாம்" என்றான் சுண்டு. பட்டையை எடுத்து அண்ணனின் இடுப்பைச் சுற்றியும் தொடைக்கு அடியிலும் கொடுத்து, தன் தோளில் மாட்டி, ஃபிரிட்ஜைத் தனி ஆளாகத் தூக்குவதுபோல் முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தான். முன்பு அண்ணனை அசைக்க இரண்டு ஆள் போதாது. அண்ணி அவன் காலுக்கு இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ் மாட்டினாள். கதவைப் பூட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வந்தாள்.

சுண்டு குட்டை, அண்ணன் நெட்டை. அதனால் அண்ணனின் பாதம் படியில் பட்டது. சுண்டு ஒரு படி இறங்க, அந்தப் படியில் அண்ணனின் கால் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. நான் குனிந்து காலைப் பிடித்துக்கொள்ளப் போனேன். "விடு, படட்டும்" என்றாள் அண்ணி. அவள் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

இரண்டாவது மாடித் திருப்பம் வந்தது. சுண்டு நின்றான். அவன் கழுத்துக்கு மேலே இருந்த அண்ணன், அவன் முகத்தைப் பார்க்க முடியாத அண்ணன், அந்தப் பீரோ விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"எப்படி?"

"பாதி..." என்று ஆரம்பித்துச் சுண்டு நிறுத்திக்கொண்டான். தோளில் பட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"இல்ல அண்ணே. முழுசும் எங்கிட்டதான் இருக்கு."

அண்ணன் விறைப்பாக வைத்திருந்த கையைத் தளர்த்தி, சுண்டுவின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"அப்ப சரி. எறங்கு" என்றான்.